சொல்லத் தயங்குவதை எப்படி அளக்கிறார்கள்? போதையும் பாலுறவும் பற்றிய ஆராய்ச்சிக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கணக்கெடுக்க வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, எதுவரை படிப்பு என்று கேள்விகள் மளமளவென்று போகின்றன. அப்புறம் வருகிறது அந்தக் கேள்வி: "கடந்த பன்னிரண்டு மாதத்தில் எப்போதாவது மது அருந்தினீர்களா?" உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நிற்கிறது. கதவோரம் அம்மா வந்து நிற்கிறார். "சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுங்க" என்கிறார் அவர். கஞ்சாவுக்கும் அதே பதில்தான். அடுத்த பக்கத்தில் பாலுறவு பற்றிய கேள்விகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் வேறு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான். எப்படிக் கேட்பது?

அந்த "இல்லை" அட்டவணையில் ஏறுகிறது. அட்டவணை சதவீதமாகிறது. சதவீதம் செய்தியாகிறது, அரசுத் திட்டமாகிறது. எங்கே சிகிச்சை மையம் வேண்டும், எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கிறது.

வயது வந்தவர்கள் இன்பத்துக்காகப் போதைப்பொருள் எடுப்பதையும், அவர்களுடைய பாலுறவு வாழ்க்கையையும், இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதையும் பல்கலைக்கழகங்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகின்றன. கேட்டதும் பலருக்கு முகம் சுளிக்கத் தோன்றும். "இதுக்கெல்லாமா ஆராய்ச்சி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இதுக்குத்தான் முதலில் ஆராய்ச்சி வேண்டும் என்பது என் பதில். நோய் பரவுவது இங்கே, சம்மதம் மீறப்படுவது இங்கே, மூச்சு நின்றுபோவதும் இங்கே. ஆனால் யாரும் வாய் திறந்து பேசாததும் இங்கேதான். அதனால் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முடிவுகளை விட்டுவிட்டு, கேள்வி கேட்கும் முறையிலிருந்து தொடங்குவது நல்லது.

அரசுகளே கூட இந்தக் கேள்விகளைக் கண்டு கூசியிருக்கின்றன. பிரிட்டனில் எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், மக்களின் பாலுறவு பழக்கங்கள் பற்றிய தேசிய ஆய்வு ஒன்றுக்குத் திட்டம் தயாரானது. 1989ல் மார்கரெட் தாட்சரின் அரசு அதற்குப் பணம் தர மறுத்துவிட்டது. வெல்கம் அறக்கட்டளை கைகொடுத்ததால் 1990, 1991 ஆண்டுகளில் 18,876 பேரிடம் கேட்க முடிந்தது. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே கதை. அரசுப் பணம் தடைபட்டதால் சிகாகோ பல்கலைக்கழகக் குழு தனியார் அறக்கட்டளைகளிடம் நிதி திரட்டி, 1992ல் 3,432 பேரை மட்டும் நேரில் கண்டு பேசியது. எய்ட்ஸ் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகள் இவை. மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல் எந்த நோயைத் தடுக்க முடியும்?

சரி, பணம் கிடைத்துவிட்டது. வாசலில் அம்மா நிற்கிறாரே, அதற்கு என்ன செய்வது?

இதற்கு ஓர் அழகான வழியை ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965ல் முன்வைத்தார். அதைப் பிறகு பலர் பலவிதமாக எளிமையாக்கினார்கள். அதில் ஒன்று நம் பூவா தலையா. உங்கள் கையில் ஒரு நாணயத்தைத் தருகிறேன். நான் திரும்பிக்கொள்கிறேன், நீங்கள் சுண்டுங்கள். தலை விழுந்தால், உண்மை என்னவாக இருந்தாலும் "ஆம்" என்று சொல்லிவிடுங்கள். பூ விழுந்தால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். இப்போது நீங்கள் "ஆம்" என்றால், அது நாணயம் சொன்னதா நீங்கள் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. நாளைக்குப் போலீஸ் வந்து என் நோட்டைப் புரட்டினாலும் தெரியாது.

ஆனால் ஆயிரம் பேரை ஒன்றாகப் பார்த்தால் கணக்கு தெளிந்துவிடும். ஆயிரம் பேர் சுண்டினால் ஏறத்தாழ 500 பேருக்குத் தலை விழும், அவர்கள் எல்லோரும் "ஆம்" என்பார்கள். மொத்தம் 620 பேர் "ஆம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 500 நாணயத்தின் கணக்கு. மீதி 120 பேர், பூ விழுந்த 500 பேரில் உண்மையைச் சொன்னவர்கள். 500க்கு 120 என்றால் 24 சதவீதம். எந்த ஒருவருடைய ரகசியமும் தெரியாமல் ஊரின் நிலவரம் மட்டும் தெரிந்துவிட்டது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நான் வீட்டில் இருந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து நாணயம் சுண்டச் சொன்னேன். தனி மனிதரைக் காட்டிக்கொடுக்காமலே கூட்டத்தைப் பற்றி உண்மை பேச முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. பாதிப் பேரின் பதில் வீணாகிறது, அதனால் நிறையப் பேரிடம் கேட்டாக வேண்டும். முறையை நம்பாமல், தலை விழுந்தாலும் "இல்லை" என்று சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இன்று பெரும்பாலான ஆய்வுகளில் வேறு வழி ஒன்றைக் கையாளுகிறார்கள். கேள்வி கேட்பவர் மடிக்கணினியைத் திருப்பி உங்களிடம் கொடுத்துவிடுவார். காதில் ஹெட்போன். கேள்வி உங்கள் காதில் மட்டும் கேட்கும். பதிலை நீங்களே அழுத்திவிட்டு மூடிவிடலாம். எதிரே இருப்பவரின் புருவம் உயருவதைப் பார்க்க வேண்டியதில்லை. கூச்சம் தரும் கேள்விகளுக்கு இப்படிக் கேட்டால் "ஆம்" என்ற பதில்கள் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லலாம் என்பது கூடுதல் நன்மை.

இதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்கு. வீடே இல்லாதவரை, வீட்டுக்கு வராதவரை, கதவு தட்டினால் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறவரை எப்படிப் பிடிப்பது? ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்பவர்களின் பட்டியல் எந்த வார்டு அலுவலகத்திலும் இல்லை. டக்ளஸ் ஹெக்கதார்ன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அப்படிப்பட்டவர்களிடையே வேலை செய்து, 1997ல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். முதலில் சிலரை மட்டும் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு "விதை" என்று பெயர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மூன்று கூப்பன். "உங்களுக்குத் தெரிந்த, உங்களைப் போன்றவர்களிடம் கொடுங்கள்" என்பார்கள். கூப்பனோடு வருபவருக்கும் பணம், அனுப்பிவைத்தவருக்கும் கொஞ்சம் பணம். வந்தவர் கையிலும் மூன்று கூப்பன். ஆராய்ச்சியாளர் யாரையும் தேடிப் போவதில்லை. வருகிறவர்கள் தாங்களாக வருகிறார்கள், தெரிந்தவர் சொன்ன நம்பிக்கையில் வருகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஊரெல்லாம் நண்பர்கள் உள்ளவருக்குக் கூப்பன் வந்து சேரும் வாய்ப்பு அதிகம், தனியாகக் கிடப்பவருக்குக் குறைவு. அதனால் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்குத் தெரிந்து இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டு, நிறையப் பேரைத் தெரிந்தவருடைய பதிலுக்கு எடையைக் குறைத்து, ஒதுங்கி வாழ்பவருடைய பதிலுக்கு எடையைக் கூட்டிக் கணக்குப் போடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி, 2019ல் வெளியான தேசிய ஆய்வில் இரண்டு முறைகளையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். ஒரு பக்கம் 2,00,111 வீடுகளுக்குப் போய் 4,73,569 பேரிடம் கேட்டார்கள். இன்னொரு பக்கம், 135 மாவட்டங்களில் கூப்பன் முறையில் 72,642 பேரைச் சந்தித்தார்கள். இவர்கள் சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டவர்கள். மதுவுக்கு வீட்டு வாசல் ஓரளவு போதும். ஹெராயினுக்கு வாசல் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, ஒருவர் நம்பி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சட்டப்படி குற்றம். போலீஸ் வந்து பதிவேட்டைக் கொடு என்றால்? 1972ல் நியூயார்க்கில் ஒரு கொலை நடந்தது. கொலையாளியை மெத்தடோன் சிகிச்சை மையத்தில் பார்த்த நினைவு இருக்கிறது என்று சாட்சி ஒருவர் சொன்னார். மெத்தடோன் என்பது ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்வதற்குத் தரும் மருந்து. அந்த மையத்தில் பதிவான, குறிப்பிட்ட வயதுள்ள கறுப்பின ஆண்கள் அத்தனை பேரின் புகைப்படங்களையும் அரசுத் தரப்பு கேட்டது. திட்டத்தின் இயக்குநர் டாக்டர் ராபர்ட் நியூமன் கொடுக்க மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அவர் அப்போதும் கொடுக்கவில்லை. 1973ல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. போதைப்பொருள் ஆராய்ச்சியில் பங்கேற்பவர்களின் அடையாளத்தைக் காக்க 1970ல் வந்த சட்டமே அவருக்குத் துணை நின்றது.

கொலைகாரனைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அன்று அந்தப் படங்கள் கைமாறியிருந்தால், மறுநாள் காலை அந்த வாசலில் மருந்து வாங்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்? நான் நியூமன் செய்ததைச் சரி என்றே நினைக்கிறேன். அதே பாதுகாப்பு இன்று அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் பணம் தரும், பங்கேற்பவரின் அந்தரங்கத் தகவலைச் சேகரிக்கும் ஆய்வுகளுக்கெல்லாம் தானாகவே கிடைக்கிறது.

இனி, பதில்கள் உண்மையாகவே வந்துவிட்டன என்று வைத்துக்கொண்டாலும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. இந்தத் துறையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. டீக்கடை வாசலைப் பாருங்கள். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் சிகரெட். நாளெல்லாம் அங்கே நிற்பவர்களைக் கணக்கெடுத்தால், நிறைய டீ குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று வரக்கூடும். டீ பாவம் என்ன செய்தது? பக்கத்துக் கையில் இருந்தது வேலையைச் செய்துவிட்டது. இப்படி இரண்டுக்கும் பின்னால் மறைந்து நின்று ஆட்டுவிக்கும் மூன்றாவது விஷயத்தை மறைகாரணி என்று சொல்லலாம்.

இதை உணராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பாப்பர்ஸ் கதையைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது.

பாப்பர்ஸ் என்று தெருவில் அழைக்கப்படுவது நைட்ரைட் என்ற வேதிப்பொருள். அதன் தொடக்கம் மருத்துவத்தில். 1867ல் எடின்பரோவில் தாமஸ் லாடர் பிரண்டன் என்ற மருத்துவர், நெஞ்சுவலியில் துடித்த நோயாளிக்கு அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்தார். ரத்தக்குழாய்கள் விரிந்து வலி அடங்கியது. பின்னாளில் அது சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வந்தது. குப்பியை விரலால் நசுக்கினால் "பாப்" என்று சத்தம், அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. 1970களில் அமெரிக்க நகரங்களின் நடனக் கூடங்களில், குறிப்பாகத் தன்பாலீர்ப்பு ஆண்களிடையே, இது பரவியது. முகர்ந்ததும் சில நொடி தலை கிறுகிறுக்கும், தசைகள் தளரும். பாலுறவின்போது முகர்வது வழக்கமானது.

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் இளம் வயது ஆண்கள் ஐந்து பேர். எதிர்ப்பு சக்தி அடியோடு போனவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நிமோனியா. இருவர் அதற்குள் இறந்துவிட்டார்கள். ஐந்து பேருமே தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், ஐந்து பேருமே முகரும் போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? ஐந்துக்கு ஐந்து. பாப்பர்ஸ்தான் எதிர்ப்பு சக்தியை அழிக்கிறது என்று சந்தேகப்படுவது அன்றைக்குத் தவறே இல்லை. நேர்மையான மருத்துவர்கள் பலர் அப்படித்தான் யோசித்தார்கள். சந்தேகத்தோடு நிற்காமல் சோதித்துப் பார்த்ததுதான் அவர்களுடைய பெருமை. நோய் வந்த 50 பேரையும், அவர்களைப் போலவே இருந்தும் நோய் வராத 120 பேரையும் ஒப்பிட்டார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து வாழ்க்கை முழுவதையும் கேட்டார்கள். 1983ல் முடிவு வெளியானது. நோயோடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தது, ஓர் ஆண்டில் எத்தனை பேரோடு பாலுறவு கொண்டார்கள் என்ற எண்ணிக்கை. பலரோடு பழகியவர்கள் பாப்பர்ஸும் அதிகம் முகர்ந்தார்கள், தொற்றுக்கும் அதிகம் ஆளானார்கள். பாப்பர்ஸ் கையில் இருந்த டீ கிளாஸ். அதே 1983ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃப்ரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோன்தான்யேவும் அடங்கிய குழு, எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற அந்த நோயை உண்டாக்கும் எச்ஐவி வைரஸைக் கண்டெடுத்தது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெர்க்லியில் இருந்த பீட்டர் டியூஸ்பர்க் என்ற பேராசிரியர், வைரஸ் காரணமில்லை, போதைப்பொருள்தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று விடாமல் எழுதிவந்தார். அதைத் தீர்த்துவைக்கும் ஆய்வு ஒன்று 1993ல் கனடாவின் வான்கூவரிலிருந்து வந்தது. 715 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். அவர்களில் 136 பேருக்கு எய்ட்ஸ் வந்தது. அந்த 136 பேருமே ரத்தத்தில் வைரஸின் அடையாளம் இருந்தவர்கள். வைரஸ் இல்லாதவர்களிலும் பலர் பாப்பர்ஸ் முகர்ந்தவர்கள்தான். அவர்களில் ஒருவருக்கும் எய்ட்ஸ் வரவில்லை. இவ்வளவு தெளிவாக ஒரு கேள்விக்கு விடை கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வம்.

ஆனாலும் 2000ல் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி அமைத்த ஆலோசனைக் குழுவில் டியூஸ்பர்க் இருந்தார். வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அங்கே மக்களுக்குப் போய்ச்சேர ஆண்டுக்கணக்கில் தாமதமானது. அந்தத் தாமதத்தால் 2000க்கும் 2005க்கும் இடையே 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். டீ கிளாஸையும் சிகரெட்டையும் பிரித்துப் பார்க்காததன் கணக்கு இது.

பாப்பர்ஸ் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருள் கொண்டுவிடாதீர்கள். வயாகரா என்ற பெயரில் நமக்குத் தெரிந்த சில்டெனாஃபிலோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று கீழே விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டுமே ரத்தக்குழாயை விரிப்பவை. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை போடும் பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கூச்சப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் விடக்கூடாத விஷயம் இது.

ஆட்களைக் கேட்பதோடு நிற்காமல், சோதனைக்கூடத்தில் வைத்தே பார்த்த ஆய்வுகளும் உண்டு. மது குடித்தால் ஆசை கூடும் என்பது ஊர் அறிந்த நம்பிக்கை. கூட்டுவது சாராயமா, நம்பிக்கையா? 1973ல் ஆலன் மார்லட்டும் அவருடைய சகாக்களும் இதைப் பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடாவில் வோட்காவைக் குறிப்பிட்ட அளவு கலந்தால், நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. இதை வைத்து நான்கு குழுக்கள். முதல் குழுவிடம் வோட்கா என்று சொல்லி வோட்காவே கொடுத்தார்கள். இரண்டாவது குழுவிடம் வோட்கா என்று சொல்லி வெறும் டானிக். மூன்றாவது குழுவிடம் வெறும் டானிக் என்று சொல்லி வோட்கா. நான்காவது குழுவுக்குச் சொன்னதும் டானிக், கொடுத்ததும் டானிக். மார்லட் குழு இதில் பார்த்தது குடிப்பழக்கத்தை, பாலுணர்வை இல்லை. 1976ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டெரன்ஸ் வில்சனும் டேவிட் லாசனும் இதே முறையைப் பாலுணர்வுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களிடம் உடல் கிளர்ச்சியைக் கருவியால் அளந்தபோது, கிளாஸில் என்ன இருந்தது என்பதைவிட, என்ன இருந்ததாக அவர்கள் நம்பினார்கள் என்பதே கணக்கை மாற்றியது. வோட்கா குடித்ததாக நம்பி டானிக் குடித்தவருக்கும் கிளர்ச்சி கூடியது. பெண்களிடம் இதே முறையில் பார்த்தபோது நம்பிக்கை எடுபடவில்லை. மது உடலின் கிளர்ச்சியைக் குறைத்தது. ஆண்களுக்கும் அளவு கூடக்கூட உடல் ஒத்துழைப்பது குறைகிறது என்று வேறு சோதனைகள் காட்டின.

"குடியில் தெரியாமல் செய்துவிட்டேன்" என்ற சொல்லை நம் குடும்பங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அதில் எவ்வளவு குடி, எவ்வளவு "குடித்திருக்கிறேன், அதனால் செய்யலாம்" என்ற அனுமதி? இந்தச் சோதனைகளைப் படித்தபின் அந்தச் சமாதானத்தை என்னால் பழையபடி ஏற்க முடியவில்லை.

மது மூளையில் செய்வதைப் பற்றி 1990ல் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் ஒரு விளக்கம் தந்தார்கள். கிட்டப்பார்வைக்காரருக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் தெரிவதுபோல, போதையில் மனத்துக்குக் கண்முன் பளிச்சென்று இருப்பது மட்டுமே தெரியும். நாளைய விளைவு மங்கிவிடும். அப்படியானால் ஆபத்தையே கண்முன் பளிச்சென்று வைத்தால்? கனடாவில் டாரா மெக்டொனால்டும் சகாக்களும் ஒரு பல்கலைக்கழக மதுக்கூடத்தில் இதைச் சோதித்து 2000ல் வெளியிட்டார்கள். உள்ளே வருபவர்களின் கையில் முத்திரை குத்தினார்கள். சிலருக்குச் சிரிக்கும் முகம், சிலருக்கு "எய்ட்ஸ் கொல்லும்" என்ற வாசகம். ஆணுறை இல்லாமல் உறவு கொள்வீர்களா என்று பிறகு கேட்டபோது, எய்ட்ஸ் முத்திரை குத்தப்பட்டவர்களில் போதையில் இருந்தவர்கள், போதை இல்லாதவர்களைவிட எச்சரிக்கையாகப் பதில் சொன்னார்கள். குடித்தவருக்குப் புத்தி போய்விடும் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு இது பெரிய திருப்பமாக இருந்தது. கையில் குத்திய ஒரு மை முத்திரைக்கு அந்தக் கிட்டப்பார்வையின் நடுவில் போய் நிற்க முடிகிறது.

எண்கள் "எத்தனை பேர்" என்று சொல்லும். "ஏன்" என்பதற்கு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். லண்டனில் 2010க்குப் பின் பாலியல் நோய் மருத்துவமனைகளில் ஒரு புதுக் கவலை எழுந்தது. தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர் மெஃபெட்ரோன், ஜிஹெச்பி, கிரிஸ்டல் மெத் ஆகிய போதைப்பொருட்களை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் உறவில் ஈடுபடுகிறார்கள். இதற்குக் கெம்செக்ஸ் என்று பெயர் விழுந்தது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆடம் போர்னும் குழுவினரும் தெற்கு லண்டனில் 30 ஆண்களோடு நீண்ட நேரம் பேசி, 2014ல் அறிக்கை வெளியிட்டார்கள். வெறும் 30 பேர்தானா என்று தோன்றும். சதவீதம் சொல்ல அது போதாது, அவர்களும் சதவீதம் சொல்ல முனையவில்லை.

அந்தப் பேச்சுகளில் இன்பம் வந்தது, அதைவிட அழுத்தமாக வேறு சிலவும் வந்தன. தன் உடலைப் பற்றிய கூச்சம் போதையில் மறைகிறது என்றார்கள். எச்ஐவி இருப்பதால் தன்னை யார் ஏற்பார்கள் என்ற பயம் சில மணிநேரம் விலகுகிறது என்றார்கள். நெருக்கம் கிடைக்கிறது என்றார்கள். அதே ஆட்களில் பலர் தங்கள் பாலுறவு வாழ்க்கை தங்களுக்குத் திருப்தியாக இல்லை என்றும் சொன்னார்கள். மயக்க நிலையில் சம்மதம் மீறப்பட்டதையும் சிலர் சொன்னார்கள். இதில் எதுவும் "ஆம், இல்லை" கட்டத்துக்குள் அடங்குகிற பதில் இல்லை.

இதைப் படித்துவிட்டு இது ஏதோ தன்பாலீர்ப்பு ஆண்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அந்த எண்ணத்தைச் சரிபார்க்க ஓர் இணையக் கணக்கெடுப்பு உதவுகிறது. ஆடம் வின்ஸ்டாக் தொடங்கிய உலகப் போதைப்பொருள் கணக்கெடுப்பின் 2013 சுற்றில் 22,289 பேர் தந்த பதில்களை அலசியபோது, ஆண், பெண், எந்தப் பாலீர்ப்பு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாத் தரப்பினரும் போதையைப் பாலுறவோடு சேர்ப்பது தெரிந்தது. தன்பாலீர்ப்பு ஆண்களிடையே கெம்செக்ஸ் பொருட்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் எல்லோரிடமும் முன்வரிசையில் நின்றது மதுதான். சட்டப்படி கடையில் கிடைப்பதாலேயே நாம் போதை என்று எண்ண மறக்கிற அதே மது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இது விருப்பப்பட்டவர்கள் தாங்களாக வந்து நிரப்பிய படிவம். போதைப்பொருள் பற்றிய படிவத்தைத் தேடிவந்து நிரப்புகிறவர், ஊரின் சராசரி மனிதர் ஆகமாட்டார். எந்த வகைப் பொருள் முன்னால் நிற்கிறது, யார் யாரிடையே என்று ஒப்பிட இது பயன்படும். ஊரில் இத்தனை சதவீதம் என்று சொல்லப் பயன்படாது. செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

லண்டனில் அந்த 30 பேரின் பேச்சிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. போதை மீட்பு மையங்களுக்குப் போனால் அங்கே இருப்பவர்களுக்கு ஹெராயினும் குடியும் தெரியும், படுக்கையறையில் நடப்பதைப் பேச வராது. பாலியல் நோய் மருத்துவமனையில் படுக்கையறை பற்றிப் பேசலாம், போதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆள் விழுந்துவிடுகிறார். சோஹோ பகுதியில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற முகவரியையே பெயராகக் கொண்ட பாலியல் நல மருத்துவமனை இருக்கிறது. அங்கே டேவிட் ஸ்டூவர்ட் என்பவர் கெம்செக்ஸுக்கென்றே ஆலோசனை சொல்லும் வேலையைக் கட்டியெழுப்பினார். கெம்செக்ஸ் என்ற சொல்லைப் பரப்பியவரும் அவர்தான். 2022ல் காலமானார். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர் அதே கட்டடத்தில், அதே வருகையில், போன வார இறுதியில் என்ன எடுத்தார், யாரோடு இருந்தார், மனசு எப்படி இருக்கிறது என்று மூன்றையும் ஒருவரிடமே சொல்லலாம்.